வெளிநாட்டில் ஒரு நத்தார்

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல்லை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். நீங்கள் கிறிஸ்துமஸ் என்று சொல்வதை ஈழத்தில் நாங்கள் நத்தார் என்போம். போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்ற சொல்தான் எங்கள் வாயில் நத்தார் ஆயிற்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகள்கூட நிறையாத ஆட்சி. ஆனால் அவர்களது சொற்கள் இன்னமும் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. கதிரையில் உட்காருகிறோம், அலுமாரியைத் திறக்கிறோம், குசினியில் சமைக்கிறோம், காலையில் பாண் உண்கிறோம், லேஞ்சியால் முகம் துடைக்கிறோம். சிவப்பு உடையும் வெண்தாடியுமாக வருபவரும் எங்கள் சிறுவர்களுக்கு நத்தார் பாப்பாதான்.

சைவக் குடும்பத்தில் பிறந்த நான், 2023ஆம் ஆண்டு நத்தாரை யாழ்ப்பாணத்தில், கத்தோலிக்க நண்பன் ஒருவனின் வீட்டில் கழித்தேன். நான் அந்த மண்ணை விட்டு நீங்கியது 1996இல். இடையில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். இரண்டும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில், புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு கூட்டமாக வந்திறங்கும் மாதங்களில். மார்கழியில் போனது இதுவே முதற்தடவை.

நான் இப்போது கனடியக் குடிமகன். பிறந்த ஊருக்குப் போக இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். பயணத்தின் நோக்கம் என்ன என்று விண்ணப்பம் கேட்டது. சுற்றுலா என்று குறித்தேன். அதைவிடப் பொருத்தமான சொல் அங்கே தரப்பட்டிருக்கவில்லை. ரொறொன்ரோவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கோ இது உண்மையாகவே சுற்றுலாதான். “வெளிநாட்டில், வெயிலில் நத்தார்! கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்றார். அவருடைய கற்பனையில் நீலக் கடலும் தென்னையும் வெண்மணலும் இருந்தன. பனியில்லாத நத்தார் அவருக்கு ஒரு வேடிக்கை. பிலிப்பைன்ஸிலும் பிரேசிலிலும் நைஜீரியாவிலும் கேரளத்திலும் கோடிக்கணக்கானோர் ஒருநாளும் பனியைப் பார்க்காமலே நத்தார் கொண்டாடுகிறார்கள் என்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க நேரமிருக்கவில்லை.

வெயில் என்று அவர் சொன்னதும் முழு உண்மையன்று. யாழ்ப்பாணத்தில் டிசம்பர் என்பது மழைக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்து, மார்கழியிலும் மனம் வந்தபோது வந்து போகும். வயல்கள் பச்சை. ஒழுங்கைகளில் செம்மண் சேறு. குளங்கள் நிறைந்திருக்கும், கிணறுகளில் கை எட்டும் உயரத்தில் தண்ணீர் நிற்கும். நுளம்பும் அதனோடு டெங்குக் காய்ச்சலும் பெருகும் காலமும் இதுவே. விடியற்காலையில் பனங்கூடலின் மேல் மெல்லிய புகார் படிந்திருக்கும். வெப்பமானி 24 பாகை காட்டும் அந்த நேரத்தில், ஊரவர்கள் கம்பளித் தொப்பியும் காதைச் சுற்றிய துவாயுமாக நடமாடுவார்கள். நான் வியர்வை வழிய விறாந்தையில் நின்றுகொண்டிருந்தபோது, நண்பனின் எண்பத்துநான்கு வயதுத் தாயார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி, குளிருக்கை நிக்காதை. உள்ளுக்கை வா மோனை.”

கனடாவிலிருந்து வந்தவனிடம் குளிரைப் பற்றிச் சொல்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய்க்கு நான் இன்னமும் சைக்கிளில் வந்து போகும் பல்கலைக்கழகப் பையன்தான்.

*

நண்பனின் ஊர் யாழ் நகரின் தெற்குக் கரையில், கடல்நீரேரியை ஒட்டியது. குருநகர், பாஷையூர் என்று தொடரும் கடற்றொழிலாளர் ஊர்களில் ஒன்று. பழைய ஆவணங்களில் குருநகரின் பெயர் கரையூர். அங்கே தேவாலயக் கோபுரங்கள்தான் கரைதிரும்பும் வள்ளங்களுக்கு அடையாளம். குருநகரில் புனித யாகப்பர், பாஷையூரில் புனித அந்தோனியார்.

இந்தக் கரைகளின் கத்தோலிக்கம் அரசின் நிழலில் மட்டும் வளர்ந்ததன்று. ஒல்லாந்தர் ஆட்சிக்கு வந்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருமாரை வெளியேற்றினார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். சில்லாலையை மையமாகக் கொண்டு, இரவு வேளைகளில் வீடுகளுக்குள் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நள்ளிரவில் ஒளிந்து வழிபட்ட பழக்கம் இந்த மக்களுக்கு மீண்டும் மீண்டும் தேவைப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் ஊரடங்குச் சட்டம் இருந்த ஆண்டுகளில், நள்ளிரவுத் திருப்பலியை அந்தி சாயமுன்னரே முடித்துக்கொண்டு வீடு திரும்பியதாக நண்பன் சொன்னான்.

என் ஊர் வலிகாமத்தின் உட்புறம். அங்கே கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் இருக்கும், ஒரு முழ இடைவெளியும் இருக்கும். கடற்கரை வேதக்காரர் என்றால் இடைவெளி இரண்டு முழம் ஆகும். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே அதைக் கடைப்பிடிக்கும் வித்தையில் யாழ்ப்பாணத்தை எவரும் வெல்ல முடியாது. என் பாட்டி மார்கழி முழுவதும் மரக்கறி உணவுதான். திருவெம்பாவைக் காலத்தில் முட்டை சேர்த்த கேக் வீட்டுப்படி ஏறக்கூடாது. நண்பன் வீட்டிலிருந்து வந்த கேக்கை நானும் தங்கையும் கிணற்றடியில் வைத்துத் தின்போம். பாட்டி பின்வாசலில் நின்று, காணாதவர்போல வேறு திசையைப் பார்ப்பார். தின்று முடித்ததும் கைகழுவத் தண்ணீர் அள்ளித்தருவதும் அவர்தான்.

2023இல் திருவெம்பாவையும் நத்தாரும் ஒன்றாகவே வந்தன. டிசம்பர் 27ஆம் திகதி ஆருத்திரா தரிசனம். ஆகவே நத்தார் விடியற்காலையில் நகரப்பக்கத்திலிருந்து சங்கும் சேமக்கலமும் ஒலிபெருக்கியில் கேட்டன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து படுத்து ஒரு கண் மூடுவதற்குள் மணிவாசகரின் குரல் வந்துவிட்டது. நண்பன் புரண்டு படுத்து, “உங்கட ஆக்கள் விடமாட்டாங்கள்” என்றான். “உங்கட மணி விட்டதோ?” என்றேன். இருவரும் நித்திரை கொள்ளவில்லை.

*

நாங்கள் நண்பர்களானது பல்கலைக்கழகத்தில், கலைப்பீடத்தில். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் எல்லாம் அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். நான் படித்துக்கொண்டே பத்திரிகை ஒன்றில் பணியாற்றத் தொடங்கியிருந்தேன். அச்சுத்தாள் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித்தாளில் எங்கள் பத்திரிகை வெளிவந்த நாட்களும் உண்டு.

அந்த ஆண்டுகளிலும் நத்தார் நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடங்களில் ஒளிவிழா நடக்கும். சைவப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையும் காகிதச் சிறகும் அணிந்து தேவதூதராக நிற்பார்கள். நண்பனின் தாயார் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும் மாவுக்குப் பதிலாக ரவையும் சேர்த்துக் கேக் அடிப்பார். போறணை கிடையாது. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின் மேலும் அடுப்பிலும் தணல் போடுவார். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. நடுத்துண்டு எனக்கு.

1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி, இராணுவ முன்னேற்றத்துக்குத் தப்பி ஓடிவந்த மக்கள் தங்கியிருந்த நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தின் மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தியாளனாக நான் அங்கு போனேன். அன்று பார்த்தவற்றை எழுதினேன். இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி மாலையில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள். செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்தில், மழை இருட்டில், ஒருவர் முதுகை ஒருவர் முட்டியபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். என் வீட்டாரும் நண்பனின் வீட்டாரும் தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு தென்னங்காணியில் போய்ச் சேர்ந்தோம். இரு குடும்பங்களுக்கும் கிடுகு வேய்ந்த ஒரே கொட்டில். நடுவே ஒரு சேலையைக் கட்டித் தடுத்திருந்தோம். டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் இராணுவத்தின் வசமாயிற்று.

அந்த ஆண்டு நத்தார் அந்தக் கொட்டிலில்தான். பிள்ளைகள் ஈரமண்ணில் பாலன் குடில் செய்தார்கள். மாடும் ஆடும் களிமண்ணில் வந்தன. குழந்தை இயேசுவுக்கு மட்டும் மண் போதவில்லை, அல்லது பொறுமை போதவில்லை. ஒரு கும்பாஞ்சியை வெள்ளைத்துணியில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். மரத்தடியில் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். மழை தூறியது. தாயார் ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டியும் தேநீரும் தந்தார். அந்த மார்கழியில் என் பாட்டி முதன்முறையாக வேதக்காரர் அடுப்பில் கொதித்த தேநீரைக் குடித்தார். அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்கும் வந்தது. ஒரு பகுதி மக்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள். மறுபகுதியினர் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்குப் போனார்கள். நண்பன் திரும்பினான். நான் கிளாலிப் படகில் ஏறினேன். பிறகு வவுனியா, கொழும்பு, கனடா. பிரியும்போது அவன் சொன்னது இவ்வளவுதான்: “நீ எழுதுறவன், போ. நாங்கள் கடலோட கிடக்கிறம்.”

*

இருபத்தேழு ஆண்டுகளின் பின் அதே குடும்பத்தோடு நத்தார். நண்பன் ஆசிரியனாகி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தான். தம்பி வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறான். வீட்டு முன்னறையில் சவுக்குக் கிளை ஒன்று மரமாக நின்றது. அதன்மேல் மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள். அது பனியாம். ஒருநாளும் பனியைக் காணாத வீட்டில் பஞ்சுப்பனி. என் வீட்டு வாசலில் வண்டிக்கணக்காகக் கிடந்து, நான் முதுகு நோவோடு அள்ளிக்கொட்டும் பொருள் இங்கே அலங்காரம். நண்பனின் மகன் கேட்டான்: “மாமா, உண்மையான பனி இப்பிடித்தான் இருக்குமோ?” “முதல் நாள் இப்பிடித்தான் இருக்கும்” என்றேன்.

நத்தாருக்கு முதல்நாள் மாலை முற்றத்தில் ஒடியற்கூழ் காய்ச்சினார்கள். கூழ் யாழ்ப்பாணத்துக் கடற்கரையின் சமையல். ஒடியல்மாவை ஊறவைத்துக் காறல் எடுத்து, நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் கொதிக்கும் பானையில் கரைத்துவிட வேண்டும். செத்தல் மிளகாயும் பழப்புளியும் கடைசியில். பலா இலையை மடித்து ஈர்க்கினால் குத்திய கரண்டியால் சுற்றியிருந்து குடித்தோம். கண்ணீரும் மூக்கும் ஓடின. அப்போதுதான் வெப்பநாட்டில் இருக்கிறேன் என்று உண்மையாகவே உணர்ந்தேன்.

அன்று நண்டும் இறாலும் தம்பியின் வலையில் வந்தவை. போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு, குறித்த நேரம், குறித்த எல்லை. 2009இன் பின் அந்தத் தடைகள் தளர்ந்தன. ஆனால் திங்கள், புதன், சனி இரவுகளில் இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலடியை வாரும் அந்தத் தொழில் இருகரையிலும் முற்றாக ஓய்ந்தபாடில்லை. அந்தப் பக்கத்திலும் கூலிக்கு வருபவர்கள் ஏழைத் தமிழர்களே என்பதைத் தம்பி அறிவான். “அவங்களிலை எனக்குக் கோபமில்லை அண்ணை. ஆனா வலை என்ர காசு” என்றான். பத்திரிகையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிய பிரச்சினையை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனோம். வாசலில் பொலிஸார் நின்றார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபின் இது வழமையாகிவிட்டது. கூட்டத்தில் ஒரு முதியவர், பொலிஸ் நின்றாலும் அச்சம், நில்லாவிட்டாலும் அச்சம் என்று முணுமுணுத்தார். 2005இல் இதே நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போதுதான் மட்டக்களப்பு மரியன்னை ஆலயத்தினுள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. குழந்தைகள் பாலனின் உருவத்தைக் குடிலுக்கு எடுத்துச்சென்றார்கள். எனக்கு அந்தக் கும்பாஞ்சி நினைவுக்கு வந்தது.

*

மறுநாள் மதிய உணவின்போது ஒன்றைக் கவனித்தேன். மேசையில் உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தொலைபேசித் திரையில் வந்துபோனவர்கள் அதிகம். பாரிஸிலிருந்து அண்ணன், சூரிச்சிலிருந்து அக்கா, ஸ்கார்பரோவிலிருந்து மருமகள். தாயார் ஒவ்வொரு திரைக்கும் தட்டைத் தூக்கிக் காட்டினார். “இஞ்ச பார், கணவாய்.” திரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இணைப்பு அறுந்ததும் தட்டை வைத்துவிட்டு அவர் சிறிதுநேரம் ஒன்றும் உண்ணவில்லை.

அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கு போனாலும் ஒரே பேச்சு. கனடாவுக்கு வருகையாளர் விசா எளிதாகக் கிடைக்கிறதாம். தேநீர்க்கடையில், முடிதிருத்தும் நிலையத்தில், கோவில் வீதியில், ஓட்டோவில் எல்லாம் அதே கதை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு இளைஞர்களுக்கு நாட்டில் பிடிமானம் விட்டுப்போயிருந்தது. விசா கிடைக்காதவர்கள் முகவரைத் தேடினார்கள். 2022 நவம்பரில் கனடா போகலாம் என்று நம்பிப் புறப்பட்ட 303 இலங்கையர்கள் நடுக்கடலில் தத்தளித்து, ஜப்பானியக் கப்பல் ஒன்றினால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள்.

நண்பனின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் முடித்து, சித்தப்பாவோடு கடலுக்குப் போய்வருகிறான். அன்று காலையிலேயே அவனது தாய் என்னைக் குசினி வாசலில் மறித்திருந்தார்.

“அண்ணை, இவன் வெளிநாடு வெளிநாடு எண்டு நிக்கிறான். இவர் ஒண்டும் பேசமாட்டார். நீங்கள் சொன்னாக் கேப்பான்.”

இரவு, விருந்தினர் போனபின் அவன் வந்து வாங்கில் என் அருகே உட்கார்ந்தான். “மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் வாறது நல்லதோ?”

எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் எழுதியவன், ஸ்கார்பரோவில் பத்திரிகை போட்டேன். அதிகாலை மூன்று மணிக்கு, மைனஸ் இருபது பாகைக் குளிரில், கட்டுக்கட்டாகக் காரில் ஏற்றி வாசல் வாசலாக. பிறகு உணவகம், தொழிற்சாலை. எழுத்துக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. தகப்பன் இறந்தபோது வரமுடியவில்லை. இவையெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொன்னேன். இரவில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு பதறாத வாழ்க்கை அங்கே கிடைத்தது. பிள்ளைகள் படித்தார்கள். ஊரில் நாலு பேருக்கு உதவ முடிந்தது. அவன் மற்றக் கையையும் விரித்துக் கணக்குப் பார்ப்பவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“முகவரிடம் காசு கொடுத்துக் கப்பலேறாதே. கடலை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போவதானால் உன் சொந்தப் பெயரில், உன் சொந்தக் கடதாசியோடு போ. கையில் ஒரு தொழில் இருக்கட்டும். அதைக் கற்க ஆகும் காலத்தில் யோசிக்கவும் நேரம் கிடைக்கும்” என்று முடித்தேன்.

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். கதவு மறைவில் நின்ற தாய் வெளியே வந்தார்.

“அண்ணை, போகாதை எண்டு நீங்கள் சொல்லேல்லையே.”

“நான் போனவன் தங்கச்சி.”

“தெரியும். அதாலைதான் உங்களைக் கேட்டனான்.”

முப்பது ஆண்டுகளாகப் பலரைப் பேட்டி கண்டிருக்கிறேன். இதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

*

நத்தாருக்கு அடுத்த நாள் காலை அந்த வீட்டில் பலகாரத் தட்டுகள் மூடிவைக்கப்படும். வெளிநிற ஆடைகள் அலுமாரிக்குள் போய்விடும். நண்பனின் மனைவி வடமராட்சி கிழக்குக் கரையைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தார்க் களைப்போடு எழுந்து பூசைக்குப் போகும் நேரத்தில் கடல் வந்தது. அவருடைய மூத்த சகோதரியும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். கனடாவில் அப்போது இன்னமும் நத்தார் இரவு. விருந்து மேசையில் இருந்தபோதுதான் எனக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.

ஆண்டுதோறும் அவர்கள் உடுத்துறை நினைவாலயத்துக்குப் போவார்கள். 2023இல் நானும் போனேன். வழியெங்கும் மணற்திட்டுகளும் சவுக்குகளும் பனைகளும். முன்னறையில் பஞ்சு தாங்கி நின்ற சவுக்குக் கிளை, அவரது தாய்வீட்டு வளவிலிருந்து வந்தது என்று அன்றுதான் அறிந்தேன். காலை 9.25க்கு எல்லோரும் மௌனமாக நின்றார்கள். இரண்டு நிமிடம். கடல் சத்தம் மட்டும் கேட்டது. நண்பனின் மகன் தாயின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

திரும்பும் வழியில் நண்பனிடம் கேட்டேன். “1996இல நீ ஏன் வரேல்லை?”

அவன் சிரித்தான். “மண்ணை விட்டுப் போகமாட்டன் எண்டு நிண்டன் எண்டு நினைச்சியோ? வரத்தான் இருந்தனான். அம்மா கடல் காணாத இடத்துக்கு வரமாட்டன் எண்டிட்டா. அவ்வளவுதான் மச்சான்.”

இத்தனை ஆண்டுகளாக நான் மேடைகளிலும் கட்டுரைகளிலும் ‘மண்ணில் நின்றவர்கள்’ என்று ஒரு பெரிய சொல்லால் குறிப்பிட்டவர்களில் அவனும் ஒருவன். போனவர்களுக்கும் நின்றவர்களுக்கும் இடையில் கொள்கை பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு தாய் எழும்பி வந்தார், இன்னொரு வீட்டில் ஒரு தாய் எழும்ப மறுத்தார். பிள்ளைகள் அதற்கேற்ப நடந்தார்கள். அந்தக் கணக்கு இப்போது அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொடுக்க என்னைப்போன்ற ஒரு சுற்றுலாப் பயணியால் முடியாது. அந்தத் தாய் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவே.

2024 நத்தாருக்கு நான் ரொறொன்ரோவில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு என்றால் இங்கே முதல்நாள் பகல் ஒன்றரை மணி. அந்த நேரத்துக்கு நண்பனின் மகன்தான் அழைத்தான். வள்ள எஞ்சின் திருத்தும் தொழில் பழகுகிறானாம், கை முழுக்கக் கிறீஸ் என்றான். கடவுச்சீட்டு எடுத்தாயிற்றா என்று கேட்டேன். “எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன் மாமா. அம்மாவுக்கும் தெரியும்” என்றான். பிறகு, “பொறுங்கோ, மணி அடிக்கப்போறாங்கள்” என்று சொல்லித் தொலைபேசியைக் கோபுரப்பக்கம் உயர்த்திப் பிடித்தான்.